கிளாஸ்டர் நகரத்து மரச் சத்திரம்

லண்டன் மாநகரின் பழைய எல்லைக்குத் தெற்கே, தேம்ஸ் நதியின் மறுகரையில் உள்ள சதர்க் என்னும் பகுதி, பல நூற்றாண்டுக் காலம் யாத்திரிகர்களும் வணிகர்களும் இராத்தங்கும் இடமாக விளங்கியது. நகரத்துக்குள் புகுவதற்கு நதியின்மீது ஒரே ஒரு பாலமே அக்காலத்தில் இருந்தது; அப்பாலத்தின் வாயிற்கதவுகளோ இரவில் சாத்தப்பட்டுவிடும். ஆகவே, பொழுது சாய்ந்தபின் தெற்கிலிருந்து வந்துசேர்ந்தவர்களும், விடியற்காலையில் கான்டர்பரி க்ஷேத்திரத்தை நோக்கிப் புறப்பட வேண்டியவர்களும், பொதிவண்டிக்காரர்களும், மந்தை ஓட்டி வந்தவர்களும் உண்டு உறங்குவதற்காக, பரோ நெடுந்தெருவின் கிழக்குப் பக்கத்தில் ஒன்றையடுத்து ஒன்றாகச் சத்திரங்கள் எழுந்தன. 1598-இல் லண்டன் நகரத்தைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்ட ஜான் ஸ்டோ, டபார்ட், ஜார்ஜ், ஒயிட் ஹார்ட், கிங்ஸ் ஹெட் முதலிய சத்திரங்களை இத்தெருவுக்குரிய சிறப்பாகவே எடுத்துக் குறித்திருக்கிறார். தெருவில் ஒரு வண்டி நுழையும் அளவுக்கு ஒரு வளைவு வாயில். உள்ளே நீண்ட முற்றம். முற்றத்தைச் சுற்றி மாடிதோறும் திறந்த மர நடைமாடங்கள். அந்த நடைமாடங்களில் வரிசையாக அறைக் கதவுகள். கோடியில் குதிரைக் கொட்டில். இவை யாவும் ஏறக்குறைய இந்த ஒரே அமைப்பில் கட்டப்பட்டவை.

இன்று அத்தெருவில் நடப்பவர் அச்சத்திரங்களின் பெயர்களைக் காணலாமேயன்றிச் சத்திரங்களைக் காண முடியாது. ஒயிட் ஹார்ட் யார்டு, டால்பட் யார்டு, கிங்ஸ் ஹெட் யார்டு என்று பலகை தாங்கிய குறுகிய சந்துகள் பிரதான வீதியிலிருந்து பிரிந்து செல்கின்றன. அவற்றுள் நுழைந்தால் காரியாலயங்களின் பின்சுவர்களும் சரக்கு இறக்கும் வாயில்களுமே எதிர்ப்படுகின்றன. சாஸர் மகாகவியின் யாத்திரிகர்கள் ஒன்றுகூடிக் கதை சொல்லிக்கொண்டு புறப்பட்ட டபார்ட் சத்திரம், 1676-இல் சதர்க்கை அழித்த பெருந்தீயில் எரிந்து, டால்பட் என்ற பெயரில் மீண்டும் கட்டப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளப்பட்டது. டிக்கன்ஸின் நாவலில் வரும் பிக்விக், தம் உத்தம ஊழியனாகிய சாம் வெல்லரை முதன்முதலில் சந்தித்த ஒயிட் ஹார்ட், 1889-இல் மறைந்தது. நெருப்பு அழித்தபோது மக்கள் அதே இடத்தில், அதே அமைப்பில், அதே தொழிலுக்காகத் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். வியாபாரம் அழித்தபோதோ எதுவும் திரும்பி வரவில்லை.

எஞ்சி நிற்பது ஜார்ஜ் சத்திரம் ஒன்றே. அதுவும் முழுமையாக இல்லை. 1676-ஆம் ஆண்டின் தீக்குப்பின் அடுத்த ஆண்டே திரும்பக் கட்டப்பட்ட இந்தச் சத்திரம், முற்றத்தின் மூன்று புறமும் நடைமாடங்களுடன் இருந்தது. 1836-இல் கூப்பிடு தூரத்தில் லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையம் திறக்கப்பட்டபின் கோச்சு வண்டிகளின் காலம் முடிவுக்கு வந்தது. குதிரைக் கொட்டில்கள் வெறிச்சோடின. பின்னர் ஒரு ரயில்வே கம்பெனியே சத்திரத்தை வாங்கி, சரக்குக் கிடங்குக்கு இடம் வேண்டி, 1889-இல் இரண்டு புறங்களை இடித்துவிட்டது. தெற்குப் புறம் மட்டும் தப்பியது. முற்றத்தில் நின்று அதை நிமிர்ந்து பார்த்தால், வெள்ளை தீட்டிய கைப்பிடிச் சட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நடைமாடங்கள் சற்றே வளைந்து ஓடுவது தெரியும். திரும்பிப் பார்த்தால் எதிர்ப்புறத்தில் ஆகாயமும் அடுத்த கட்டடங்களுமே தெரியும். லண்டனில் இத்தகைய நடைமாடச் சத்திரம் வேறொன்று இல்லை என்பதை எண்ணும்போது, இருப்பதைக் கண்ட மகிழ்ச்சியைக் காட்டிலும் இல்லாததன் துக்கமே மேலோங்குகிறது. 1937-இல் லண்டன் அண்டு நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே இதை நேஷனல் டிரஸ்ட் என்னும் தர்ம ஸ்தாபனத்துக்கு அளித்தது. அந்த ஸ்தாபனத்தை 1895-இல் தோற்றுவித்த மூவரில் ஒருவரான ஆக்டேவியா ஹில் அம்மையார், ஏழைகளுக்காகக் கட்டுவித்த வீடுகளும் தோட்டமும் இங்கிருந்து சில நிமிஷ நடையில், இதே சதர்க்கில் இன்றும் உள்ளன.

பழஞ்சத்திரங்களின் அழிவைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகே ஆக்ஸ்போர்டு ஆர்ம்ஸ் என்றொரு நடைமாடச் சத்திரம் இருந்தது. அதை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியவுடன், தடுக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லாத அந்நாளில், சிலர் கூடி, குறைந்தபட்சம் அதன் உருவத்தையாவது காப்பாற்றுவோம் என்று 1875-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். பழைய லண்டனின் எச்சங்களைப் புகைப்படம் பிடிப்பதே அச்சங்கத்தின் நோக்கம். ஆல்பிரட் பூல், ஜான் பூல் என்ற புகைப்படக்காரர்களைக் கொண்டு அச்சத்திரத்தின் முற்றத்தையும் மாடங்களையும் படம் எடுத்து வெளியிட்டார்கள். 1886-க்குள் வேறு பல பழங்கட்டடங்களையும் சேர்த்து 120 படங்கள் வெளிவந்தன. அப்படங்களின் அச்சு வடிவத்தை நான் பார்த்திருக்கிறேன். மாடத்துக் கம்பிகளில் துணி உலர்கிறது. முற்றத்தில் வண்டி ஒன்று அவிழ்த்து விடப்பட்டிருக்கிறது. கட்டடம் தன் முடிவை அறியாமல் அன்றாட ஜீவனத்தில் ஆழ்ந்திருக்கிறது. அந்தச் சத்திரம் போய்விட்டது. ஆயினும், ஒரு தனி மனிதருடைய சொத்தை இடிப்பது ஊரார் அனைவருக்கும் நஷ்டமாகலாம் என்ற எண்ணம் அந்தத் தேசத்து மக்கள் மனத்தில் வேர்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

முழுமையான ஒரு முற்றத்தைக் காண வேண்டுமென்ற அவாவே என்னைக் கிளாஸ்டருக்கு அழைத்துச் சென்றது. பாடிங்டன் நிலையத்திலிருந்து மேற்கே ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பிரயாணம். வழியில் காட்ஸ்வோல்டு மலைப்பகுதி முழுவதும் தேன்நிறச் சுண்ணாம்புக் கல் வீடுகள். ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கைக் கடந்து செவர்ன் நதியின் சமவெளியில் இறங்கியதும் கல் மறைந்து, செங்கல்லும் மரமும் தோன்றுகின்றன. மேட்டில் கல் கிடைத்தது, கல்லால் கட்டினார்கள். தாழ்ந்த களிமண் நிலத்தில் ஓக் மரம் செழித்தது, ஓக்கினால் கட்டினார்கள். நதிக்கு மேற்கே டீன் வனம் என்ற பெருங்காடும் இருந்தது. பண்டைத் தச்சரும் கொத்தரும் காலடியில் உள்ளதைக் கொண்டே கட்டினார்கள் என்பதை இந்த ரயில் ஜன்னல் போல எந்தப் புத்தகமும் கற்றுக்கொடுக்காது.

கிளாஸ்டர் ரோமானியர் நிறுவிய ஊர். நார்த்கேட், சவுத்கேட், ஈஸ்ட்கேட், வெஸ்ட்கேட் என நான்கு திசைக்கும் நான்கு வீதிகள் நடுவே ஒரு நாற்சந்தியில் கூடும் பழைய அமைப்பு இன்னும் மாறவில்லை. ஆனால் அவ்வீதிகளின் முகப்புகள் பெரும்பாலும் புதியவை. சாதாரணக் கடைத்தெருவில் நடப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. அப்படியிருக்க, நாற்சந்தியிலிருந்து நார்த்கேட் வீதியில் சிறிது தூரம் நடந்ததும், கடைகளுக்கு நடுவே ஒரு வளைவு வாயில் இருண்டு நீள்கிறது. அதன் பக்கத்துச் சந்தின் முனையில், மூலைத் தூணின் மேல், ஓக்கில் செதுக்கிய தேவதூதர் உருவம் ஒன்று தெருவைப் பார்த்து நிற்கிறது. மழையும் புகையும் அரித்து முகத்தின் கூர்மை மழுங்கியிருந்தாலும் உடையின் மடிப்புகள் இன்னும் தெளிவாக உள்ளன. இதுதான் நியூ இன். புதுச் சத்திரம் என்ற இப்பெயர் பதினைந்தாம் நூற்றாண்டில் சூட்டப்பட்டது.

இதைக் கட்டியவர்கள் புனித பேதுரு மடத்துத் துறவிகள். பணியை முன்னின்று நடத்தியவர் ஜான் ட்வைனிங் என்னும் துறவி என்பது மரபு. ஒரு மடம் ஏன் இவ்வளவு பெரிய சத்திரத்தைக் கட்ட வேண்டும்? 1327-இல் இரண்டாம் எட்வர்ட் என்ற மன்னன், அரசுரிமையை இழந்து, அருகிலுள்ள பெர்க்லி கோட்டையில் சிறையிலிருந்தபோது மாண்டான். கொலையென்றே எல்லோரும் நம்பினர். அவனுடைய உடலை இந்த மடம் ஏற்று அடக்கம் செய்தது. மகன் மூன்றாம் எட்வர்ட், தந்தைக்கு வெண்சலவைக்கல் போன்ற அலபாஸ்டரில் உருவம் செய்வித்து, மேலே கல்விதானமும் எடுத்தான். உயிரோடிருந்தபோது எவர் மதிப்பையும் பெறாத அந்த அரசனின் சமாதிக்கு, அதன்பின் யாத்திரிகர்கள் திரள் திரளாக வந்தார்கள். அந்த மடாலயமே பிற்காலத்தில், எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபின், 1541-இல் கதீட்ரலாக மாறியது; இன்று அங்கே செல்வோர் விசிறி விரித்தாற்போன்ற கல்விதானங்களைக் கொண்ட நடைக்கூடத்தைக் கண்டு பிரமித்து நிற்கிறார்கள். எனக்கோ அங்கே மற்றொன்றில் கண் பதிந்தது: வில்லியம் வெற்றிவேந்தனின் மூத்த மகன் ராபர்ட்டுக்கு ஓக் மரத்தில் செதுக்கி வர்ணம் தீட்டிய உருவம். இந்த நாட்டில் மரம் கல்லோடு சமமாக வீற்றிருந்த காலம் ஒன்று உண்டு.

வளைவு வாயிலைக் கடந்து முற்றத்தில் கால் வைத்ததும் வீதியின் ஓசை சட்டென்று பின்வாங்குகிறது. நான்கு புறமும் கட்டடம். சதர்க்கில் ஒரு பக்கமாகக் கண்ட சித்திரம் இங்கே முழு வட்டமாகச் சூழ்கிறது. முற்றத்தைச் சுற்றி மேல்தளத்தில் திறந்த நடைமாடம் ஓடுகிறது. அதைத் தாங்கும் ஓக் தூண்கள், வெயிலும் மழையும் பட்டுச் சாம்பல் பூத்த நிறத்தில், ஒன்றுக்கொன்று சிறிதளவு சாய்ந்து நிற்கின்றன. முற்றத்திலிருந்தே மாடத்துக்கு ஏறப் படிக்கட்டு. அறைகளுக்குள் செல்ல உட்புறத் தாழ்வாரம் கிடையாது. ஒவ்வோர் அறையும் மாடத்தை நோக்கித் திறக்கிறது. எனவே அன்று தங்கிய யாத்திரிகர், கதவைத் திறந்தவுடன் முற்றத்தில் யார் வருகிறார், எந்தக் குதிரை கட்டப்பட்டிருக்கிறது, சமையற்கட்டில் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் கண்டார். கீழிருந்தவர்களும் அவரைக் கண்டார்கள். நாடகக் குழுக்கள் சத்திர முற்றங்களில் மேடை போட்டு, நடைமாடங்களில் ஜனங்களை நிறுத்தி ஆடிய வழக்கம் எப்படி வந்ததென்று, இந்த முற்றத்தின் நடுவில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தால் விளங்கிவிடும். பத்துநாள் கூட முழுமையாக ராணியாக இருக்கப்பெறாத ஜேன் கிரே 1553-இல் பட்டத்துக்கு வந்த செய்தி, இந்த மாடத்திலிருந்துதான் இவ்வூரில் பறைசாற்றப்பட்டதென்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

பிரிட்டனில் மத்தியகால நடைமாடச் சத்திரங்களுள் இவ்வளவு முழுமையாக எஞ்சியது வேறில்லை என்பது அறிஞர் கருத்து. முழுமை என்றால் மாறாமை அன்று. ஜன்னல்கள் மாறியிருக்கின்றன, கூரை வேய்ந்தது பன்முறை மாறியிருக்கும், மாடத்தின் கைப்பிடிகள் புதுப்பிக்கப்பட்டிருக்கும். ஆனால் கட்டடத்தின் எலும்புக்கூடு மாறவில்லை.

இந்த எலும்புக்கூட்டின் இரகசியத்தை எனக்கு விளக்கியவர், முற்றத்து மேஜையில் என் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தச்சர். சுற்று வட்டாரத்துப் பழைய வீடுகளையும் களஞ்சியங்களையும் பழுது பார்ப்பதே தம் பிழைப்பென்று சொன்னார். நான் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, தம் சட்டைப்பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு மரத்துண்டை எடுத்து என் கையில் வைத்தார். கருத்துப்போன ஒரு மர ஆணி. ஒரு முனை பருத்து, மறுமுனை சிறுத்து, எட்டுப் பட்டையாகச் சீவப்பட்டிருந்தது; நடுவில் மட்டும், முழங்கை மடிந்தாற்போல, இரண்டு இடத்தில் இலேசாக வளைந்திருந்தது. ரம்பத்தால் அறுத்த சுவடு எங்கும் இல்லை. நார் ஓடிய வழியே பிளந்து எடுத்த மரம்.

"இந்த வளைவு ஏன் வந்ததென்று நினைக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டார்.

பழமையால் வந்திருக்கும் என்றேன்.

"இல்லை. அடித்த அன்றைக்கே வந்தது," என்றார்.

பிறகு அவர் விளக்கியது இது. ஒரு சட்டத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்கி, மற்றொரு சட்டத்தில் வெட்டிய காடிக்குள் செலுத்துகிறார்கள். இரண்டையும் ஊடுருவ ஆணிக்குத் துளை போட வேண்டும். அந்தத் துளைகளை ஒரே நேர்க்கோட்டில் போடுவதில்லை. நாக்கில் உள்ள துளையை வேண்டுமென்றே சிறிதளவு உள்ளே தள்ளிப் போடுகிறார்கள். சம்மட்டியால் ஆணியை அடித்து இறக்கும்போது, அது நேராகப் போக வழியின்றி வளைந்து நுழைகிறது. அப்படி வளையும் விசையால் நாக்கைக் காடிக்குள் இழுத்து இறுக்கிவிடுகிறது. இரும்பு கிடையாது, பசை கிடையாது. அந்தச் சிறு வளைவில் தேங்கிய பலமே நூற்றாண்டுகளாக மூட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நம் ஊர்த் தச்சர்கள் தேக்கை அறுத்து, அடுக்கி, ஆண்டுக்கணக்கில் உலரவிட்டபின்னரே உளியைத் தொடுவார்கள். உலராத மரத்தில் நிலை செய்பவனை எவரும் மதிப்பதில்லை. இங்கிலாந்தின் தச்சரோ ஓக்கை வெட்டிய ஈரத்தோடேயே எடுத்துக் கட்டினார்கள். காரணம் எளிது: பச்சை ஓக் உளிக்கு இணங்கும், உலர்ந்த ஓக் இரும்பைப் போல எதிர்க்கும். பெரிய தூண் உள்வரை உலரப் பல பத்தாண்டுகள் ஆகும்; எவர் காத்திருப்பார்? ஆகவே மரம் கட்டடத்தில் நின்றபடியே உலர்கிறது. குறுக்குவாட்டில் சுருங்குகிறது, முறுக்கிக்கொள்கிறது, நீண்ட வெடிப்புகள் விடுகிறது. அதனால் மூட்டுகள் தளர்வதில்லை. காடியின் இருபக்கமும் நாக்கை மேலும் கவ்விக்கொள்கின்றன. பழைய மரவீடுகளின் சாய்வையும் கோணலையும் கண்டு, இவை விழப்போகின்றன என்று அஞ்சுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்தக் கோணல், கட்டி முடித்த முதல் ஓரிரு தலைமுறைக்குள்ளேயே வந்து நிலைத்துவிட்ட பழைய கோணல்தான்.

இன்னொரு விசேஷம், இந்தக் கட்டடங்கள் அவை நிற்கும் இடத்தில் பிறந்தவை அல்ல. தச்சர் தம் பணிக்களத்தில் ஒவ்வொரு சுவரின் சட்டத்தையும் தரையில் படுக்க வைத்துச் செய்து, மூட்டுக்கு மூட்டு உளியால் ரோமன் எண்களைக் கீறி, பிரித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், அந்த எண்களைப் பார்த்து மீண்டும் பூட்டி நிமிர்த்துவார். அவ்வாறு பூட்டியதைக் கழற்றவும் முடியும். 1598-ஆம் ஆண்டின் கடைசியில், ஷோர்டிச்சில் இருந்த தியேட்டர் என்னும் நாடக அரங்கத்தைப் பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சரின் உதவியோடு மரம் மரமாகப் பிரித்து எடுத்து, தேம்ஸுக்குத் தெற்கே கொண்டுவந்து குளோப் அரங்கமாக நிறுத்தினார்கள். ஷேக்ஸ்பியரின் மகத்தான நாடகங்கள் அரங்கேறியது அந்தப் பழைய மரத்துக்குள்தான். அந்த அரங்கத்தை நம் காலத்தில் மறுபடி எழுப்பி 1997-இல் திறந்தபோது, அதையும் பச்சை ஓக்கினால், மர ஆணிகளால், பழைய முறைப்படியே செய்தார்கள். அதற்குத் தேவைப்பட்ட கைத்திறன் எங்கிருந்து கிடைத்தது? நியூ இன் போன்ற கட்டடங்களின் மூட்டுகளை அளந்து பார்த்துப் படித்தவர்களிடமிருந்து கிடைத்தது. பழங்கட்டடத்தைப் பாதுகாப்பதன் பயன்களில் இதையே நான் முதலாவதாக மதிக்கிறேன். அழகும் சரித்திரமும் இதற்கு அடுத்தபடிதான்.

சட்டங்களுக்கு இடைப்பட்ட வெளிகளை எப்படி அடைத்தார்கள் என்பதையும் தச்சர் சொன்னார். ஓக் குச்சிகளை நட்டு, அவற்றுக்கிடையே வளையும் மிளாறுகளைப் பாய் முடைவதுபோல் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்து இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். இந்தச் சுவர் மழையில் நனையும். வெயில் வந்ததும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். இருபதாம் நூற்றாண்டில் சிலர், நல்லது செய்வதாக எண்ணி, சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு சிமெண்டு பூசினார்கள். சிமெண்டு விறைப்பானது, மரமோ பருவத்துக்குப் பருவம் சிறிதளவு விரிந்து சுருங்குவது. இரண்டுக்கும் நடுவே மயிரிழைப் பிளவு தோன்றி, அதன் வழியே நீர் இறங்கி, வெளியேற வழியின்றித் தேங்கி, சட்டத்தின் உட்புறத்தை அழுகச் செய்தது. ஈரமான ஓக்கைத் தேடி வரும் வண்டுகள் மீதியைத் தின்றன. அறுநூறு ஆண்டு மழையைத் தாங்கிய சுவர், நாற்பது ஆண்டுச் சிமெண்டைத் தாங்கவில்லை. மரத்தைக் கன்னங்கரேலென்றும் நடுவிலுள்ள சுவரைத் தூய வெள்ளையாகவும் தீட்டும் வழக்கமும் பெரும்பாலும் விக்டோரியா ராணி காலத்து மோகமே. முன்னாளில் பல இடங்களில் மரத்தையும் சுவரையும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள், அல்லது மரத்தை வெள்ளிபோல வெளிறும்படி வெறுமையாக விட்டுவிடுவார்கள்.

பழுதுபார்ப்பதில் அவர் பின்பற்றும் நெறியைக் கேட்டேன். தூணின் அடிப்பாகம் அழுகியிருந்தால் தூண் முழுவதையும் மாற்றக்கூடாது. அழுகிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, நல்ல மரம் தொடங்கும் இடத்தில் படிபடியாகச் சரிவு வெட்டி, அதே சரிவில் வெட்டிய புது ஓக்கைப் பொருத்தி, ஆணி அடித்துப் பிணைக்க வேண்டும். புதுத் துண்டைப் பழையதுபோலக் கறுப்புத் தீட்டி மறைக்கவும் கூடாது. "ஐம்பது ஆண்டுகள் போனால் அதுவே நிறம் மாறிவிடும். அதுவரை இது நான் செய்தது, அது பழைய தச்சர் செய்தது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியட்டுமே," என்றார்.

இந்த நெறிக்கு ஒரு ஜன்மஸ்தலம் உண்டு; அது கிளாஸ்டருக்கு வடக்கே, பஸ்ஸில் எளிதில் போய்வரக்கூடிய டியூக்ஸ்பரி. இரண்டு நதிகள் கூடும் அவ்வூரின் மடாலயத்தை 1877-இல் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் திருப்பணி செய்யவிருந்தார். அக்காலத்துத் திருப்பணி என்றால், பிற்காலத்தில் சேர்ந்தவற்றையெல்லாம் நீக்கி, ஒரு குறிப்பிட்ட காலத்துத் தோற்றம் இதுவென்று தாமே தீர்மானித்து, கட்டடத்தை அந்தத் தோற்றத்துக்குத் திருப்புவது. இதைக் கேள்வியுற்ற வில்லியம் மாரிஸ், கவிஞர், நெசவாளர், ஓவியக் கலைஞர் என்று பல முகம் கொண்டவர், ஒரு வாரப் பத்திரிகைக்குச் சினம் பொங்கும் கடிதம் எழுதினார். அதே மாதத்திலேயே பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. பழைய கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதாகச் சொல்வது பொய். காலம் பின்னோக்கிச் செல்லாது. நாம் செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் அன்றாட இரட்சணையால் சிதைவைத் தள்ளிப்போடுவது மட்டுமே என்பது அச்சங்கத்தின் கொள்கை. ஒழுகும் ஓட்டை இன்றே மாற்று, நாளை கூரையை மாற்ற வேண்டியிராது. இந்தக் கொள்கையில் வீரம் இல்லை, விளம்பரமும் இல்லை. ஆகவேதான் பணக்காரப் புரவலர்களுக்கு இது எளிதில் பிடிப்பதில்லை போலும்.

சட்டம் மெதுவாகவே வந்தது. 1882-இல் ஜான் லப்பக்கின் முயற்சியால் நிறைவேறிய முதற்சட்டம், சரித்திரத்துக்கு முற்பட்ட கல்வட்டங்களையும் ஈமக்குன்றுகளையும் கருதியதேயன்றி, மனிதர் வசிக்கும் கட்டடத்தின் அருகே வரவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுகள் விழத் தொடங்கியபோது, சிதைந்தவற்றுள் எதை இடிக்கக்கூடாது என்று அதிகாரிகளுக்கு உணர்த்தப் பட்டியல்கள் தயாரிக்க வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடியின் அனுபவத்திலிருந்தே 1944, 1947 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும், நாடெங்கும் கட்டடங்களை ஆராய்ந்து பதிவு செய்யும் ஏற்பாடும் பிறந்தன. 1968-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப்பின், பட்டியலிலுள்ள கட்டடத்தில் அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் தனி அனுமதி பெற்றாக வேண்டும். பெறாமல் செய்வது குற்றம். இன்று இங்கிலாந்தின் பட்டியலில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பதிவுகள் உள்ளன. அவற்றில் முதல் வகுப்பில் இடம்பெற்றவை நூற்றுக்கு இரண்டரை வீதமே. நியூ இன்னும் ஜார்ஜும் அந்த வகுப்பைச் சேர்ந்தவை.

இச்சட்டத்தை நான் போற்றுகிறேன். ஆயினும் அதன் குறைகளை மறைக்க மாட்டேன். இடிக்காதே என்று அது உரிமையாளருக்குக் கட்டளையிடுகிறது. பராமரி என்று அவ்வளவு உறுதியாகக் கட்டளையிடுவதில்லை. கட்டடம் மிகவும் சிதைந்தபின் ஊராட்சி நோட்டீஸ் அனுப்பலாம். அதற்குள் மழை தன் வேலையைச் செய்துவிடும். இதைவிட வருந்தத்தக்கது வரி விஷயம். புதிதாக ஒரு குடியிருப்பைக் கட்டினால் அந்தக் கட்டுமானத்துக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை. பழைய வீட்டின் அழுகிய உத்தரத்தைச் செப்பனிட்டால் நூற்றுக்கு இருபது வீதம் வரி. பழையதைக் காப்பாற்று என்று ஒரு கையால் ஆணை எழுதும் அரசாங்கம், மறு கையால் காப்பாற்றுபவனிடம் அபராதம் வசூலிப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

டியூக்ஸ்பரி மடாலயத்துக்கு எதிரே, பதினைந்தாம் நூற்றாண்டில் துறவியர் கடைகளாகக் கட்டி வாடகைக்கு விட்ட மர வீடுகள் ஒரு நீண்ட வரிசையாக நிற்கின்றன. மேல்தளம் கீழ்த்தளத்தைவிட வெளியே நீண்டு தெருவின்மேல் கவிந்திருக்கிறது. 1960-களின் இறுதியில் அவை இடிந்துவிழும் நிலையிலிருந்து மீட்கப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டன. வரிசையில் ஒரு வீட்டை மட்டும் அன்றைய வியாபாரி வாழ்ந்த விதத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மற்றவற்றுள் பலவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள். காட்சி வீட்டில் கற்றுக்கொள்ளப் பலவும் உண்டு. ஆயினும் அண்டை வீடு ஒன்றில் திரைச்சீலை விலக்கி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணியே அந்த மரத்துக்குச் சிறந்த காவல் என்று எனக்குப் பட்டது. ஒழுகினால் அன்றே அவருக்குத் தெரிந்துவிடும். நியூ இன் இத்தனை நூற்றாண்டு நின்றதற்கும் அதுவே காரணம். மடம் போயிற்று, யாத்திரிகர் போயினர், கோச்சு வண்டிகள் போயின; ஆனால் வழிப்போக்கருக்குச் சோறும் படுக்கையும் விற்கும் தொழில் அந்த முற்றத்தை விட்டுப் போகவில்லை.

அந்தத் தொழிலுக்கே இப்போது ஆபத்து வந்திருப்பதுதான் கவலை. சாராயச் செலவும் எரிபொருள் செலவும் ஏற, ஊர்தோறும் பழைய மதுவிடுதிகள் மூடப்பட்டு வருகின்றன. பட்டியல் சுவரைக் காக்கும். வாடிக்கையை அது காக்காது. பட்டியலிலும் சேராதவற்றின் கதி இன்னும் பரிதாபம். ஸ்டாபோர்டுஷயரில், நிலக்கரிச் சுரங்கத்தால் தரை தாழ்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்று பிரசித்தி பெற்ற செங்கல் விடுதி ஒன்று, 2023 ஆகஸ்டில் தீப்பற்றி எரிந்தது. இரண்டே நாட்களில் மிச்சமும் இடிக்கப்பட்டது. ஊரார் செங்கற்களைக் காவல் காத்தார்கள். அடுத்த ஆண்டு ஊராட்சி, அதைத் திரும்பக் கட்ட வேண்டுமென்று ஆணை பிறப்பித்தது.

2011-ஆம் ஆண்டின் ஒரு சட்டம் சிறிது நம்பிக்கை தருகிறது. ஓர் ஊரார் தங்கள் விடுதியைச் சமூகச் சொத்தெனப் பதிவு செய்துகொண்டால், அது விற்பனைக்கு வரும்போது, பணம் திரட்டுவதற்கு அவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கிறது. அச்சட்டம் வருமுன்பே இதைச் செய்துகாட்டிய ஊர்கள் உண்டு. கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூரின் ஓல்டு கிரௌன் விடுதியை 2003-இல் ஊராரும் நண்பர்களும் கூட்டுறவு அமைத்துப் பங்கு சேர்த்து வாங்கினார்கள். யார்க்ஷயரின் ஹட்ஸ்வெல் கிராமத்தார் 2010-இல் ஜார்ஜ் அண்டு டிராகனை அதேபோல் மீட்டுத் திறந்தார்கள். அவ்வூர்களின் பங்குதாரர்களில் பெரும்பாலோர் எந்தப் பாதுகாப்புச் சங்கத்திலும் உறுப்பினராக இருந்திருக்க மாட்டார்கள். மாலையில் சென்று உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.